அமைதியாக வந்த ஸ்கேன்

ஸ்கேன் நன்றாக வந்திருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னபோது என் கணவர் கண்ணை மூடி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். என் மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு மட்டும் சந்தோஷம் வரவில்லை. இந்த அறையில் யாரோ ஒருவருக்கு, என்னிடம் சொல்லாத ஏதோ ஒன்று தெரியும் என்று தோன்றியது.

அது சரியாகத்தான் இருந்தது. ஆனால் அதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. அந்த எட்டு மாதத்தில் நான் சந்தேகப்படாத ஆளே கிடையாது. கண் டாக்டர், ரத்தம் எடுத்த பெண், ஊசி மருந்தை ஐஸ் பெட்டியில் வைத்துக் கொடுத்த மருந்துக்கடைக்காரர், என் கணவர், அவருடைய போன். அத்தனை பேரைச் சந்தேகப்பட்டால் ஒருமுறையாவது சரியாகத்தான் போகும். இதே நோய் வந்து, இதே மாதிரி ஸ்கேன் அறைக்கு வெளியே உட்காரப்போகிற பெண்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் பிறந்தது பீர்மேட்டுப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில். அம்மா இன்னும் அங்கே ஃபேக்டரியில் வேலை செய்கிறாள். கணிதத்தில் பட்டம் வாங்கி, பி.எட். படிக்கப் பாலக்காட்டுக்கு வந்த இடத்தில் உடன் படித்த நந்தகுமாரைக் கட்டிக்கொண்டேன். அவர் வீடு கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி. வயல், கொஞ்சம் தென்னை, எட்டு மாடு. மாமனார் இல்லை. மாமியார்தான் மாடுகளையும் வீட்டையும் நடத்துகிறார். நாங்கள் விரும்பிக் கட்டிக்கொண்டதைப் பற்றி அவர் ஒரு நாளும் ஒரு சொல்லும் சொன்னதில்லை. அந்தச் சொல்லாமைதான் எனக்குப் பயம்.

எங்கள் பாப்பா பிறந்து மூன்று மாதம் நடக்கும்போது வலது கண்ணைத் திருப்பினால் உள்ளே வலித்தது. தூக்கமில்லாததால் என்று நினைத்தேன். பிறகு ஒரு நாள், அம்மா மலையிலிருந்து பின்னி அனுப்பிய சிவப்புத் தொப்பியை மடித்துக்கொண்டிருந்தேன். இடது கண்ணை மூடினால் அது செங்கல் நிறமாக இருந்தது. வலது கண்ணை மூடினால் சிவப்பு. மாற்றி மாற்றி மூடிப் பார்த்தேன். ஒரே தொப்பி, இரண்டு நிறம். இரண்டு நாளில் வலது கண்ணுக்கு நடுவில் அழுக்குத் துணி தொங்குவது போல ஆகிவிட்டது.

கண் டாக்டர் கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார். நான் நம்பவில்லை. கண்ணுக்குப் பின்னால் மூளைக்குப் போகிற நரம்பில்தான் அழற்சி என்று சொல்லிப் பாலக்காட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே முதல் எம்.ஆர்.ஐ. அதில் கண் நரம்பு மட்டும் இல்லை, மூளைக்குள்ளும் வெள்ளைப் புள்ளிகள். முதுகில் ஊசி குத்தித் தண்ணீர் எடுத்துச் சோதித்தார்கள். நோயின் பெயர் மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் என்றார்கள்.

டாக்டரம்மா மலையாளி. எங்களைப் போன்றவர்களிடம் பேசிப் பேசித் தமிழ் நன்றாக வரும். ஒயருக்கு மேலே உறை இருப்பது போல நரம்புக்கும் உறை இருக்கிறது, உடம்பின் காவலாளிகளே அந்த உறையைத் திருடன் என்று நினைத்து அடிக்கிறார்கள், அடிபட்ட இடம் முதலில் வீங்கும், பிறகு தழும்பாகும் என்று சொன்னார். பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களில் இது தலைகாட்டுவது உண்டு என்றும் சொன்னார்.

"அப்போ மூளைக்குள்ளாற வீக்கமுங்களா?" என்று மாமியார் கேட்டார்.

"வீக்கம்தான்னு வெச்சுக்கோங்கம்மா. பயப்பட வேண்டாம், கேட்டோ?"

பயப்பட வேண்டாம் என்று ஒருவர் சொல்லும்போதெல்லாம் நான் அவருடைய கையைப் பார்ப்பேன். அவர் பேனாவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

ஐந்து நாள் ஸ்டீராய்டு டிரிப் ஏற்றினார்கள். பார்வை மெல்ல மெல்லத் திரும்பியது. அந்த ஐந்து நாளில் எனக்கு ஏற்பட்டதைக் குறித்து வையுங்கள், பின்னால் வேண்டும். வாய் முழுக்க இரும்புக் கசப்பு. தட்டை வழித்துத் தின்ற பிறகும் பசி. தூக்கம் என்பதே இல்லை. வீட்டுக்கு வந்தபோது கன்னம் இரண்டும் உப்பி, அம்மா வீடியோ காலில் பார்த்துவிட்டு, "ஏ சுபா, ஆஸ்பத்திரிச் சோறு ஒனக்கு ஒத்துக்கிருச்சுபோல" என்றாள். சிரித்துவிட்டுத்தான் அழுதாள்.

பிறகு ஒரு ஊசி. வாரம் மூன்று முறை, வயிற்றிலோ தொடையிலோ நானே போட்டுக்கொள்ளலாம். லேசான மருந்து, பாப்பாவுக்குப் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம் என்றார் டாக்டரம்மா. ஆறு மாதம் போட்டுவிட்டு மறுபடி ஸ்கேன் எடுப்போம். நோய் அடங்கியிருந்தால் இதையே தொடரலாம். அடங்கவில்லையென்றால் பலமான மருந்துக்கு மாற வேண்டும், அதை ஆஸ்பத்திரியில் டிரிப்பாக ஏற்ற வேண்டும், அதற்கு முன் பால் மறக்கடித்துவிடுவது நல்லது என்றார்.

எனக்கு நோயைவிட அந்தக் கடைசி வார்த்தைதான் உள்ளே போனது. கண் மங்கிய வாரங்களில் பாப்பாவைக் குளிப்பாட்டியதும் தூங்கவைத்ததும் மாமியார்தான். பால் ஒன்றுதான் வேறு யாராலும் செய்ய முடியாத வேலை. அதையும் கொடுத்துவிட்டால் இந்த வீட்டில் நான் எதற்கு என்று ஒரு கணக்கு மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. தப்பான கணக்கு. அன்று அப்படித் தோன்றவில்லை.

ஒருநாள் அடுப்படியில் நின்று இதைச் சொல்லி அழுதுவிட்டேன். மாமியார் தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "இப்பவே எதுக்கு அழுகறே? அந்த ஸ்கேன் வரட்டும். நல்லபடியா வர வெச்சுரலாம்" என்றார்.

வர வெச்சுரலாம். ஸ்கேனை எப்படி வரவைப்பது? அதை அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்.

ஸ்கேனுக்கு மூன்று வாரம் இருக்கும்போது வீட்டில் ஏதோ மாறியது. காலையில் ராகிக் கூழ் நான் எழுவதற்கு முன்பே கரைத்து, மோர் விட்டு, டம்ளரில் தயாராக இருக்கும். முன்பெல்லாம் நானே ஊற்றிக்கொள்வேன். கூழில் லேசாகக் கசப்பு. கேட்டால், "மோரு கொஞ்சம் புளிச்சிருச்சு கண்ணு, குடி" என்பார். நான் குடித்து முடிக்கும்வரை எதிரே நிற்பார். டம்ளரை அவரே வாங்கிக் கழுவுவார்.

என் வேலைகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. துணி துவைக்க வேண்டாம், வெயிலில் போக வேண்டாம், படுத்துக்கொள். மீன், முட்டை, நெய். என் கணவர் மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய் நின்று போன் பேச ஆரம்பித்தார். நான் போனால் வைத்துவிடுவார்.

"யாருங்க?"

"சொசைட்டிக்காரன். பால்ல கொழுப்பு கம்மின்னு சொல்றான்."

பால் சொசைட்டிக்காரரோடு யாராவது மூன்று வேளையும் பேசுவார்களா? வேறு பெண் பார்க்கிறார்களோ என்றுகூட ஒரு மத்தியானம் முழுக்க நினைத்தேன். (அந்தப் போன்கள் கோயம்புத்தூரில் அவருடைய நண்பர் ஒருவருக்கு. பலமான மருந்து என்றால் செலவுக்கு என்ன வழி என்று கேட்டுக்கொண்டிருந்தாராம். செலவு எனக்குத் தெரிந்தால் நான் ஊசியையும் நிறுத்திவிடுவேன் என்று பயமாம்.)

இதற்கிடையே எனக்குத் தெம்பாக இருந்தது. அதுதான் விநோதம். மத்தியானம் ஆனால் வந்து அமுக்கும் அசதி போய்விட்டது. பசி எடுத்தது. தூக்கம் மட்டும் வரவில்லை. மாமியார் என்னைப் பார்த்து, "மூஞ்சி தெளிஞ்சிருச்சு" என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னார். மாமியாருக்கோ நடை மோசமாகிக்கொண்டு வந்தது. அவருக்கு வருஷக்கணக்காக முட்டி வலி உண்டு. ஆனால் இப்போது படியேறவே சுவரைப் பிடித்தார். பாப்பாவைத் தூக்கு என்றால், "முட்டி சொல்ற பேச்சு கேக்க மாட்டேங்குது" என்பார். நடிக்கிறார் என்று நினைத்தேன். இதைச் சொல்லாமல் விடலாம். ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

ஸ்கேன் நாள். காத்திருக்கும் அறையில் ஒரே டி.வி., சத்தம் இல்லாமல் மலையாளச் செய்தி. டோக்கனில் போட்ட நேரத்தைவிட அரை மணி நேரம் பின்னால்தான் அழைப்பு வரும் என்று இப்போது எனக்குத் தெரியும், அப்போது ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் எழுந்து நின்றேன். நகையெல்லாம் கழற்றினேன். தாலிக்கொடியை என் கணவர் சட்டைப்பையில் போட்டு, பையை ஊக்கால் குத்திக்கொண்டார்.

டெக்னீஷியன் சின்ன வயதுப் பெண். தாளைப் பார்த்து வரிசையாகக் கேட்டாள். உடம்பில் இரும்பு உண்டா, கர்ப்பமா, சிறுநீரகக் கோளாறு உண்டா. பிறகு, "ஊசி தவிர வேற மருந்து ஏதும் எடுக்கறீங்களா?"

"இல்லை" என்றேன்.

மாமியார் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். சத்தமில்லாத டி.வி.யைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல்முறை போகிறவர்களுக்காகச் சொல்கிறேன். காதில் அடைப்பான் வைப்பார்கள், முகத்துக்கு மேலே கூண்டு போல ஒன்றை மாட்டுவார்கள், ரப்பர் பந்து ஒன்றைக் கையில் கொடுப்பார்கள், பயந்தால் அழுத்தலாம். பிறகு சத்தம். கொட்டகைத் தகரத்தைச் சுத்தியலால் அடிப்பது போல, நிறுத்தி, வேறொரு தாளத்தில் மறுபடி. பாதியில் வெளியே இழுத்துக் கைநரம்பில் ஒரு மருந்து ஏற்றுவார்கள். காடோலினியம் என்று பெயர். கையில் குளிர்ச்சி ஏறும், அவ்வளவுதான். மறுபடி உள்ளே.

அந்த மருந்துதான் முக்கியம். ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே ஒரு வரப்பு இருக்கிறது. நல்ல வரப்பு என்றால் காடோலினியம் அதைத் தாண்டி மூளைக்குள் போகாது. இப்போது, இந்த வாரங்களில், அழற்சி நடக்கும் இடத்தில் மட்டும் வரப்பு கசியும். அங்கே மருந்து ஊறி உள்ளே போகும், படத்தில் அந்த இடம் விளக்குப் போல ஒளிரும். பழைய தழும்பு வெறும் வெள்ளையாகக் கிடக்கும், ஒளிராது. எத்தனை புள்ளி என்பதோடு எது ஒளிர்கிறது என்றும் பார்க்கிறார்கள். முன்பு எப்போதோ நடந்ததையும் இன்று நடப்பதையும் அப்படித்தான் பிரிக்கிறார்கள்.

அந்த மருந்தால் பால் கெடாது, கொடுக்கலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். நம்பாமல் அன்று முழுவதும் பாலைப் பீய்ச்சிக் கொட்டினேன். பாப்பா கத்தித் தீர்த்தாள்.

முடிவு நான் முதலிலேயே சொன்னதுதான். ஒன்றும் ஒளிரவில்லை. போன ஸ்கேனில் இல்லாத புள்ளி ஒன்று மட்டும் புதிதாக இருந்தது. ஊசி வேலை செய்ய ஆரம்பிப்பதற்கு முந்தைய வாரங்களில் அது வந்திருக்கலாம், இப்போது அமைதியாக இருக்கிறது, ஊசியையே தொடரலாம், பாலும் தொடரலாம் என்றார் டாக்டரம்மா. சிரித்தார். பேனாவை மூடினார்.

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் அந்தப் படங்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வேறு யாருடைய படத்தையாவது மாற்றிக் கொடுத்துவிட்டார்களா? பெயர், வயது, எண், மூன்றும் சரி. முதல் ஸ்கேன் படத்தைப் பக்கத்தில் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். இடது பக்கம் புளியங்கொட்டை வடிவத்தில் ஒரு புள்ளி இரண்டிலும் இருந்தது. என் மூளைதான். மருந்தைப் போடாமலே படம் எடுத்துவிட்டார்களா? கையில் குளிர் ஏறியது நினைவிருக்கிறது. அப்படியென்றால் நான் குணமாகிக்கொண்டுதான் வருகிறேன், எனக்கு நல்லதைத் தாங்கத் தெரியவில்லை, அவ்வளவுதான் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாப்பாவின் படம் ஒன்றை அம்மாவுக்கு அனுப்பப் போனில் தேடிக்கொண்டிருந்தேன். ஸ்டீராய்டு டிரிப் முடிந்து வந்த நாளில் எடுத்த படம் வந்தது. உப்பிய கன்னம். எழுந்து போய்க் கண்ணாடியில் பார்த்தேன். அதே கன்னம். பசி. தூக்கமின்மை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கும்போது நான் சொல்லிக்கொடுப்பேன், விடை தெரிந்துவிட்டால் பின்னாலிருந்து போய்ப் பார், எந்த வரியில் வந்தது என்று தெரியும். பின்னாலிருந்து போனேன். கூழ் டம்ளரில் வந்து நின்றேன்.

மறுநாள் விடிந்ததும் அடுப்படிக்குப் போனேன். மாமியார் சின்ன உரலில் எதையோ நசுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் உரலை மறைக்கவில்லை. கை மட்டும் நின்றது.

"என்ன போடறீங்க அத்தை?"

"சத்துப் பொடி."

"அட்டையைக் காட்டுங்க."

இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்து, அதிலிருந்து மாத்திரை அட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். டெக்ஸாமெத்தசோன் என்று இருந்தது. ஸ்டீராய்டு.

"எங்க வாங்கினீங்க?"

"செக்போஸ்ட் தாண்டி, நம்ம மருந்துக்கடையில. எனக்கு முட்டிக்கு வாங்கறதுதான் அம்மிணி. ஆறு வருசமாத் திங்கறேன். வீக்கத்துக்கு இதைய மாதிரி ஒண்ணு கெடையாது. அந்தம்மாளும் வீக்கம்னுதானே சொன்னாங்க?"

"ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை?"

"நாலு. கடைக்காரன் மாசத்துக்கு இவ்வளவுதான்னு கணக்காத் தருவான். அதுதான் நான் திங்கறதை விட்டுப்போட்டு உனக்குப் போட்டேன். ஸ்கேன் முடிஞ்சும், மூஞ்சி தெளிஞ்சிருக்குதேன்னு நிறுத்த மனசு வரல."

அவர் சுவரைப் பிடித்து நடந்தது எதற்கென்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆனால் அந்த நிமிஷத்தில் எனக்கு இரக்கம் வரவில்லை. கோபம்தான் வந்தது.

"எனக்குத் தெரியாம ஏன் அத்தை?"

"தெரிஞ்சா நீ குடிப்பியா? ஒவ்வொரு மாத்திரைக்கும் போன்ல பாடம் படிக்கிற ஆளு நீயி."

சத்தம் கேட்டு என் கணவர் வந்தார். அட்டையைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். "சந்தைக்கு ஓட்டற மாட்டுக்குப் பண்ற மாதிரி பண்ணிப்போட்டீங்களா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர்தான் சொன்னார். மாட்டைப் பொள்ளாச்சிச் சந்தைக்கு ஓட்டுவதற்கு முன்னால் இரண்டு மூன்று வாரம் வேலை வாங்க மாட்டார்கள். பருத்திக்கொட்டை, புண்ணாக்கு என்று நன்றாகத் தீனி வைப்பார்கள். கால் நொண்டுகிற மாடென்றால் வீக்கம் தெரியாமல் இருக்க ஊசி போடுவார்கள். வாங்குகிறவன் நடக்கவிட்டுப் பார்க்கும்போது நேராக நடக்கும். ஒரு வாரம் கழித்து அவன் வீட்டில் போய் நொண்டும்.

"நான் என்ன ஏமாத்தி விக்கவா போனேன்?" மாமியார் உரலைத் தள்ளிவைத்தார். "இவ பாலுக்காக அழுதாளேடா. குத்தம் கண்டுபிடிக்கற எடத்துக்குப் போறவளக் குத்தமில்லாமக் கூட்டிட்டுப் போகோணும்னு பார்த்தேன். நல்லபடியாத்தானே வந்துச்சு?"

நல்லபடியாகத்தான் வந்தது. அதுதான் பிரச்சனை.

இரண்டு நாள் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தேன். சொன்னால் என்ன ஆகும்? ஸ்கேன் செல்லாது. மறுபடி எடுப்பார்கள். ஒளிர்ந்தால் பால் போகும். ஆஸ்பத்திரியில் எல்லோரும் மாமியாரை ஒரு மாதிரி பார்ப்பார்கள். சொல்லாவிட்டால்? ஒருவேளை நிஜமாகவே அடங்கியிருக்கலாம். மாத்திரையால்தான் ஒளிரவில்லை என்று யார் கண்டது? டாக்டர் சிரித்த ஸ்கேன் என் கையில் இருக்கிறது. அதைக் கெடுக்க நான் யார்?

அம்மாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஷிஃப்ட் முடிந்து லயத்து வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தாள், மூச்சு வாங்கியது.

"அவுக செஞ்சது தப்புத்தேன் தாயி. ஆனா ஒனக்காகச் செஞ்சிருக்காக. ஊரறியப் போட்டு ஒடைக்கணுமா?"

"டாக்டர்ட்ட மட்டும் சொல்லுவேன்மா."

"சொல்லி, பாலை நிறுத்தச் சொல்லிட்டா?"

அம்மா கொஞ்ச தூரம் நடந்தாள். பிறகு, "பிள்ள அஞ்சு வயசுல ஓடும்ல, அப்ப நீயும் பின்னாடி ஓடணும்டி. அதப் பாரு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அட்டையைப் பார்த்த அன்று காலையே மாத்திரையை நிறுத்திவிடத்தான் இருந்தேன். போனில் தேடியபோது, ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தக் கூடாது என்று இருந்தது. என்னைக் குடிக்கவைத்த மாத்திரையை, இப்போது தெரிந்தே, நானே எடுத்து விழுங்கினேன். வியாழக்கிழமை பாப்பாவைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மாமியாரை வர வேண்டாம் என்றேன். "நான் போட்டதுக்கு நானே வாரேன்" என்று முதல் ஆளாகக் காரில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

டாக்டரம்மா அட்டையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு நகர்த்தி, மாமியாரைப் பார்த்து உட்கார்ந்தார்.

"அம்மா, இந்த மருந்து கசிவை அடைச்சிடும். நோய் உள்ள இருக்கும், வரப்பு மட்டும் கசியாது. என் கேமராவுக்குக் கசிவுதான் தெரியும். நான் பார்த்தது நோயோட அமைதியா, மாத்திரையோட அமைதியா, எனக்கே தெரியாது இப்போ."

"தப்புத்தானுங்க."

"தப்புத்தான். உங்க முட்டிக்கும் தப்புத்தான். ஆறு வருஷமா? சுகர் பார்த்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை. அன்றே பார்த்தார்கள். எனக்கு இல்லை, மாமியாருக்கு இருந்தது. அவருக்கும் ஒரு ஓபி சீட்டு எழுதினார்கள். பாப்பாவை மறுநாள் கொண்டுவந்து எடை பார்த்தோம். நன்றாக இருக்கிறாள் என்றார்கள். அந்த ஒரு இரவு எப்படிப் போனது என்று எழுத எனக்கு விருப்பமில்லை.

மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார்கள். அதன் பிறகு ஒரு மாதத்துக்கும் மேல் காத்திருந்து மறுபடி ஸ்கேன். அந்த நாட்களில் உடம்பில் எங்கே என்ன அசைந்தாலும் நான் நின்று கவனித்தேன். ஒருநாள் வயல் வரப்பில் போகும்போது என் கணவர் பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"சுபா, செருப்பு எங்க?"

குனிந்து பார்த்தேன். இடது காலில் செருப்பு இல்லை. பத்தடி பின்னால் சேற்றில் கிடந்தது. கழன்றது தெரியவே இல்லை. பாதத்தில் மண்ணும் தெரியவில்லை.

இந்த மூன்றாவது ஸ்கேனை டாக்டரம்மா எங்களுக்குத் திரையில் காட்டினார். நான் கேட்டேன், காட்டினார். கழுத்துக்குள் முதுகுத்தண்டின் மேல்பகுதியில் ஒன்று, மூளையில் போன தடவை 'பழசாக இருக்கலாம்' என்ற அந்தப் புதுப் புள்ளியின் ஓரத்தில் ஒன்று. இரண்டும் ஒளிர்ந்தன. அழகாகத்தான் இருந்தன, அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கார்த்திகைக்கு ஏற்றி வைத்தது போல.

மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போனார்.

"இதையவா நான் மறைச்சுப்போட்டேன்?"

"மறைஞ்சிருந்தது. இப்போ பார்த்துட்டோம்" என்றார் டாக்டரம்மா.

பிறகு என்னிடம் திரும்பி, "இந்தப் பக்கத்து ஊர்கள்ல இது நீங்க மட்டும் இல்ல. நாங்கதான் 'வேற மருந்து உண்டா'ன்னு நோயாளிய மட்டும் கேக்கறோம், சமைக்கிறவங்களைக் கேக்கறதில்ல" என்றார். எல்லா ஆஸ்பத்திரியிலும் கேட்பார்களா என்று தெரியாது. போவதற்கு முன் நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் யார் என்ன கலக்குகிறார்கள், முட்டிக்கு, சளிக்கு, தெம்புக்கு, எல்லாவற்றையும் தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

பலமான மருந்துக்கு மாறுவது என்று முடிவானது. சில ரத்தச் சோதனைகள், ஒரு நெஞ்சுப் படம், தடுப்பூசிகள், அதற்கெல்லாம் சில வாரம். அந்த வாரங்களில் பாப்பாவுக்குப் பாலைக் குறைத்தேன். மார்பில் வேப்பெண்ணெய் தடவு என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். தடவவில்லை. பாப்பாவிடமும் மறைத்து எதையும் செய்ய எனக்கு இஷ்டமில்லை. முதலில் மத்தியானப் பாலை விட்டோம், பிறகு சாயங்காலம். காலைப் பால் ஒன்று மட்டும் கடைசிவரை மிஞ்சியது.

முதல் டிரிப் ஏற்றும் நாளில் ஆஸ்பத்திரிக்குச் சீக்கிரம் போய்விட்டோம். பாப்பாவுக்கு அப்போது பதினாலு மாதம். காரின் பின் சீட்டில் அவளுக்குக் கடைசியாகப் பால் கொடுத்தேன். மாமியார் வெளியே கார்க் கதவைத் திறந்து, துண்டை விரித்துப் பிடித்து, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். வண்டிகள் வந்து வந்து திரும்பின. செக்யூரிட்டி வந்து இங்கே நிறுத்தக் கூடாது என்றான். "பத்து நிமிசம் பொறு சாமி, குழந்தை சாப்பிடுது" என்றார். அவன் போய்விட்டான். பாப்பா பாதியில் தூங்கிவிட்டாள். எழுப்பலாமா என்று பார்த்தேன். எழுப்பவில்லை.

என் கணவர் ஆஸ்பத்திரி வாசலிலிருந்து கையசைத்தார். பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மாமியார் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, குழந்தையை வாங்க இரண்டு கையையும் நீட்டினார். முட்டிக்கு இப்போது வேறு மருந்து, வேறு டாக்டர். நிற்கிற நிலை கொஞ்சம் தேவலை. நான் உடனே கொடுக்கவில்லை.

"எந்திரிச்சா என்ன குடுப்பீங்க அத்தை?"

கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"காய்ச்சுன பசும்பால் ஒரு டம்ளர். ரெண்டு இட்லி, தொட்டுக்க ஒண்ணுமில்ல. தண்ணி ஊட்டுல இருந்து கொண்டாந்தது. அவ்வளவுதான். எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரோணுமா?"

"வேண்டாம்" என்றேன். பாப்பாவின் தலை சாயாமல் பிடித்து அவர் கையில் கொடுத்தேன்.